மனிதனா, பன்றிகளா?

மாற்கு 5:1-20
உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாளையொட்டி அந்தமானின் பாராடாங் தீவு இறைமக்களுக்கு



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் படகேறி அக்கரைக்குப் போகிறார். போகிற வழியில் புயல் அடித்ததையும், சீடர்கள் உயிர்ப் பயத்தில் அவரை எழுப்பியதையும் மாற்கு இதற்கு முந்தைய பகுதியில் எழுதியிருக்கிறார். அவ்வளவு பாடுபட்டு அக்கரை சேர்ந்தவர் அங்கே எத்தனை பேரைக் குணமாக்கினார்? கல்லறைகளுக்கு நடுவே கிடந்த ஒரே ஒரு மனிதனை. அவனைக் குணமாக்கிவிட்டு மறுபடியும் படகேறி இக்கரைக்கு வந்துவிடுகிறார். கடல் கொந்தளிக்கும்போது டோங்கிப் படகு விடுவது என்ன பாடு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊரார் கைவிட்ட ஓர் ஆளுக்காக ஆண்டவர் அந்தப் பாட்டைப் பட்டார்.

ஜூன் 26ஆம் நாளைப் போதைப்பொருளுக்கு எதிரான நாளாக ஐக்கிய நாடுகள் அவை 1987இல் அறிவித்தது. இந்த நாளில் பள்ளிக்கூடத்தில் ஊர்வலம் நடக்கும்; பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பார்கள். நல்ல காரியம்தான். கோயிலில் கூடியிருக்கும் நாம் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டும். நம் ஊரில் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட அந்த ஒருவன் யார்? எதை விற்று, எதை வாங்கி, நாம் அவனை அங்கே அனுப்பினோம்? அவன் திரும்பி வந்தால் உட்கார வைப்போமா?

முதலில் அந்த மனிதனைப் பாருங்கள். இரவும் பகலும் அவனுக்கு ஓய்வு இல்லை. மலையிலும் கல்லறையிலும் கத்திக்கொண்டே அலைகிறான். கல்லை எடுத்துத் தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்கிறான். ஐஸ் என்று பையன்கள் சொல்கிறார்களே, மெத்தாம்பெட்டமைன், அதற்கு அடிமையானவர்களைப் பற்றி மருத்துவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் கண்ணை மூட மாட்டார்கள். பசி எடுக்காது. யாரோ துரத்துகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே ஆள் நிற்கிறது, பெற்ற தாயே சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்றெல்லாம் சந்தேகம் வரும். தோலுக்கு அடியில் பூச்சி ஊர்கிறது என்று கையைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். பல் கறுத்து உதிரும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தாறுமாறாக ஏறி, முப்பது வயது ஆகாதவனுக்குக்கூடப் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம்.

இது எப்படி ஆளைப் பிடிக்கிறது? நம் மூளையில் டோபமைன் என்றொரு பொருள் சுரக்கிறது. பசித்தவன் சோற்றில் கை வைக்கும்போதும், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போதும் அது அளவாகச் சுரந்து மனதை நிறைக்கும். படைத்தவர் நமக்குள் வைத்த ஏற்பாடு அது. ஐஸ் அதை ஒரே மூச்சில் கறந்து எடுத்துவிடுகிறது. கந்துவட்டிக்காரன் மாதிரி முதல் நாள் கட்டுக்கட்டாக அள்ளிக் கொடுக்கும். பிறகு கட்டி முடியாத வட்டிதான். போதை தெளிந்த பிறகு சோறும் ருசிக்காது, பிள்ளையின் சிரிப்பும் உறைக்காது. வெறுமை வந்து அழுத்தும். சாகலாமா என்றுகூடத் தோன்றும். அந்த வெறுமைக்குப் பயந்துதான் அவன் மறுபடியும் அதே பொட்டலத்தைத் தேடி ஓடுகிறான்.

“ஐஸ் எங்கேயோ இருக்கிற பேச்சு, சாமி. நம் வீட்டில் குடியும் சுக்காவும் மட்டும்தான்” என்று சிலர் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. சுக்காப் புகையிலையைப் பற்றியே பேசுவோம். படகுத்துறையில் வண்டிக்குக் காத்திருக்கும்போது உள்ளங்கையில் கொட்டி, சுண்ணாம்பு சேர்த்து, கட்டைவிரலால் தேய்த்து, இரண்டு தட்டுத் தட்டித் தூசியை ஊதிவிட்டுக் கீழ் உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிறோம். பக்கத்தில் நிற்கிற பத்து வயதுப் பையன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். இந்தத் தீவுகளில் ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. வாய்ப் புற்றுநோய்க்கு நாம் திறந்து வைத்திருக்கும் கதவு இது. வாய்க்குள் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் எது இருந்தாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டால் காப்பாற்றலாம்.

குடி கல்லீரலைத் தின்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது நரம்பையும் மூளையையும்கூடத் தின்கிறது. குடிக்கிறவனின் நெஞ்சில் மட்டும் இல்லாமல், அடி வாங்குகிற மனைவியின் உடம்பிலும், புத்தகத்தை மூடிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பிள்ளையின் மனதிலும் அதன் தழும்பு விழுகிறது. கஞ்சா வெறும் இலைதானே என்று இளைஞர்கள் வாதாடுகிறார்கள். மனித மூளை முழு வளர்ச்சி பெற இருபத்தைந்து வயதுபோல ஆகிறது. அதற்கு முன் கஞ்சா பழகியவர்களில் மனநோய்க்கு ஆளாகிறவர்கள் அதிகம் என்று மருத்துவம் சொல்கிறது. பசையையும் தின்னரையும் முகர்கிற சிறுவனுக்கு இதயம் அந்த இடத்திலேயே நின்றுபோகலாம். இரண்டாவது வாய்ப்பே கிடைக்காமல் போகலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2291ஆம் பத்தியில் இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது. சிகிச்சைக்காக அன்றிப் போதைப்பொருளைப் பயன்படுத்துவது உடல்நலத்துக்கும் உயிருக்கும் செய்யும் பெருங்கேடு என்றும், அதை மறைவாகத் தயாரிப்பதும் கடத்துவதும் தீமைக்கு நேரடியாகத் துணைபோவது என்றும் கற்பிக்கிறது. பயன்படுத்துகிறவனைப் பற்றியும் விற்கிறவனைப் பற்றியும் திருச்சபை ஒரே மூச்சில் பேசுவதைக் கவனியுங்கள்.

இரண்டாவதாக, சங்கிலி. அந்த மனிதனை ஊரார் சும்மா விடவில்லை. கையையும் காலையும் விலங்கிட்டுக் கட்டிப் பார்த்தார்கள். அவன் அறுத்துக்கொண்டு ஓடினான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேறு வழி தெரியாதவர்கள். நாமும் அப்படித்தான் செய்கிறோம். அடித்துப் பார்க்கிறோம். அறைக்குள் போட்டுப் பூட்டுகிறோம். சாமி படத்தின் முன் சத்தியம் வாங்குகிறோம். கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான் என்று ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிறோம். பெண்ணைப் பெற்றவர்களே, மாப்பிள்ளை வீட்டாரே, தயவுசெய்து கேளுங்கள்: திருமணம் ஒரு திருவருட்சாதனம். அது போதைக்கு மருந்து ஆகாது. அப்படிக் கட்டிவைத்தால் அழிவது ஒருவர் இல்லை, இருவர்.

இன்னொன்று. குடியை நிறுத்தும் மாத்திரை என்று வாங்கி, அவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. வேண்டாம். அந்த மருந்து உள்ளே இருக்கும்போது அவன் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அதேபோல் பல வருடம் தினமும் குடித்தவன் ஒரே நாளில் அடியோடு நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், சாவுகூட நேரலாம். நிறுத்த வேண்டும் என்றால் டாக்டரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இது மன உறுதி மட்டும் சம்பந்தப்பட்ட காரியம் இல்லை, இது நோயும்கூட. பாவம் என்றால் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. நோய் என்றால் மருத்துவமனை இருக்கிறது. இரண்டுக்கும் போக வேண்டும்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி இளம் வயதிலேயே தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். குடியை நோயாகப் பார்த்துச் சிகிச்சை தருகிற இடம் இங்கே இல்லாமல் போனதே என்ற துக்கத்தோடு அவர் முடங்கிவிடவில்லை. 1980இல் கணவரின் பெயராலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று ஊரறிந்த அந்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். நோயாளியோடு அவர் மனைவியையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. 1992இல் சாந்தி ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சங்கிலியால் முடியாததைச் சிகிச்சையும் பொறுமையும் செய்கின்றன என்பதற்கு நம் மொழி பேசுகிற ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

மூன்றாவதாகச் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். மாற்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் விழுந்து மடிந்தன. ஊரார் ஓடி வந்து பார்த்தார்கள். கல்லறையில் கிடந்தவன் உடை உடுத்தி, தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருக்கிறான். அவர்கள் மகிழ்ந்தார்களா? விருந்து வைத்தார்களா? அச்சம் பிடித்தவர்களாய், எங்கள் ஊரைவிட்டுப் போய்விடும் என்று ஆண்டவரையே கெஞ்சினார்கள். மனிதன் கிடைத்துவிட்டான், பன்றிகள் போய்விட்டன. அவர்களுக்குப் பன்றிகள்தான் பெரிதாகத் தெரிந்தன.

நமக்கும் அந்தச் சோதனை கடல் வழியே வருகிறது. நம் தீவுகளுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் பேரன் தீவு எரிமலை இருக்கிறது. 2024 நவம்பரில் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் அதன் அருகே சந்தேகத்துக்கு இடமான ஒரு மீன்பிடிப் படகைக் கண்டது. மியான்மரிலிருந்து வந்த அந்தப் படகில் சுமார் 6,000 கிலோ மெத்தாம்பெட்டமைன் இருந்தது. இரண்டு இரண்டு கிலோவாகக் கட்டிய ஏறக்குறைய 3,000 பொட்டலங்கள். படகில் இருந்த ஆறு பேரும் கைதானார்கள். கடலோரக் காவல்படை அதுவரை பிடித்ததிலேயே பெரிய சரக்கு அது. அதற்கு முன் 2019 செப்டம்பரில் கார் நிக்கோபார் பக்கம் பிடிபட்ட இன்னொரு மியான்மர் படகில் 1,160 கிலோ கெட்டமைன் இருந்தது. மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் சந்திக்கும் மலைப்பகுதியில் தயாராகிற விஷம் கடல் வழியே போகிறது. அந்தக் கடல்வழியின் ஓரத்தில்தான் நம் வீடுகள் இருக்கின்றன.

பிடிபடுவோம் என்று தெரிந்தால் கடத்துகிறவன் பொட்டலத்தைக் கடலில் வீசுவான். அது அலையோடு வரும். தேயிலைப் பொட்டலம்போல் பளபளப்பாக இருக்கும். வலை போடப் போன இடத்திலோ, நண்டு பிடிக்கப் போன அலையாத்திக் காட்டிலோ, பாலுடேரா மணலிலோ அது உங்கள் காலில் தட்டுப்படலாம். கடன்பட்டவன், மகளுக்குக் கல்யாணம் பேசி வைத்தவன், இதைக் கடவுளே அனுப்பினார் என்று நினைக்கலாம். கடல் கொண்டுவந்து போடுவதெல்லாம் கடவுள் அனுப்பியது இல்லை, சகோதரர்களே. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் மெத்தாம்பெட்டமைன் 50 கிராம் இருந்தாலே வணிக அளவு. குறைந்தது பத்து ஆண்டு கடுங்காவல். ஒரு பொட்டலத்தில் இருப்பது அதைப்போல் நாற்பது மடங்கு. அதைத் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். 1933 என்ற போதைப்பொருள் தடுப்பு உதவி எண்ணுக்கும் சொல்லலாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்ல வேண்டாம். அந்தப் பொட்டலம் எந்த வீட்டுப் பிள்ளையின் இரத்தத்தில் போய்ச் சேரும் என்று நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கரை ஒதுங்கியதை நம்பி அழிந்தவர்கள் நம் தீவுகளிலேயே இருக்கிறார்கள். 2008 டிசம்பரில் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில், அலை கொண்டுவந்து போட்ட ஒரு கொள்கலத்தில் இருந்ததை மது என்று நினைத்து ஓங்கே பழங்குடி ஆண்கள் குடித்தார்கள். எட்டுப் பேர் மாண்டார்கள். அப்போது அந்த இனத்தில் மொத்தமே ஏறக்குறைய நூறு பேர்தான் இருந்தார்கள். மதுப் பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது வெளியிலிருந்து போன மனிதர்கள். நாம் நிற்கிற இந்தப் பாராடாங் மண் ஒரு காலத்தில் பெரிய அந்தமானியரில் ஒரு பிரிவான புச்சிக்வார் மக்களுடையது. ஆங்கிலேயர் 1858இல் கைதிக் குடியிருப்பு அமைத்தபோது பெரிய அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தட்டம்மையும் பிற தொற்றுகளும் அவர்களைக் கொன்றன; கூடவே புகையிலையும் சாராயமும் அபினும் போய்ச் சேர்ந்தன. 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர்.

இன்று ஜிர்கடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவாப் பழங்குடியினரின் காட்டு வழியாகத்தான் நாம் வருகிறோம், போகிறோம். அவர்களுக்குச் சுக்காவும் சாராயமும் கொடுத்து நண்டும் இறைச்சியும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று பலமுறை செய்தி வந்திருக்கிறது. அது சட்டப்படி குற்றம். கடவுள் முன் அதைவிடப் பெரிய குற்றம். நம்மில் பலர் ராஞ்சியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களின் பிள்ளைகள். இந்த மண் நமக்குச் சோறு போட்டது. அதன் ஆதிமக்களுக்கு நாம் போதையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

தமிழ்நாட்டுச் செய்தியையும் மறந்துவிட வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பாக்கெட் விற்றவனுக்கு அது இரண்டாயிரம் பன்றிகள். தாய் தகப்பன் இருவரையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் அனாதை நிலை. நம் தீவில், “டூரிஸ்ட் கேட்டான், எடுத்துக் கொடுத்தேன், நூறு ரூபாய் கிடைத்தது” என்று சொல்லிக்கொள்கிற பையனே, உனக்கும் இதைத்தான் சொல்கிறேன். அந்த நூறு ரூபாயும் பன்றிதான்.

கடைசியாக, வீடு. குணமானவன் ஆண்டவரோடு படகில் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினான். ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவனுக்குத் தெரியாதா? ஆண்டவர் அவனை உடன் கூட்டிக்கொள்ளாமல், உறவினரிடம் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். அப்படியானால் குணமாக்குவதில் பாதி வேலையை ஆண்டவர் அந்த வீட்டாரிடமும் ஊராரிடமும் விட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம். சிகிச்சை முடிந்து வருகிறவனை “டேய் குடிகாரா” என்று கூப்பிடுகிற ஊர் அவனை மறுபடியும் கல்லறைக்கே அனுப்புகிறது.

சீனாவில் மாற்கு ஜி தியன்சியாங் என்றொரு மருத்துவர் இருந்தார். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். வயிற்று வலிக்கு அபின் எடுத்து, அதற்கே அடிமையானார். விட முயன்றார், விட முடியவில்லை. அது நோய் என்று அறியாத காலம். மனம் திருந்தாதவர் என்று எண்ணி அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் நற்கருணை இல்லாமலே அவர் திருப்பலிக்கு வந்துகொண்டிருந்தார். கோயிலை விட்டு விலகவில்லை. 1900இல் கிறிஸ்தவர்களுக்கு எதிராக எழுந்த கலகக்காரர்கள் அவரைக் குடும்பத்தோடு பிடித்தபோது விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. தம் வீட்டார் யாரும் தனியாகச் சாகக் கூடாது என்பதற்காகத் தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டார். 2000 அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். போதையில் விழுந்து எழுந்து மறுபடி விழுகிற சகோதரனே, சகோதரியே, உனக்காகப் பரிந்து பேச வானகத்தில் ஒருவர் இருக்கிறார். விழுந்த கணக்கை நீ எண்ணிக்கொண்டிருக்காதே. திருப்பலிக்கு வா. பின்வரிசையிலாவது உட்கார்.

இந்தப் பங்காக நாம் என்ன செய்யலாம்? மூன்று காரியங்களைக் கேட்கிறேன். திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், பங்குத் திருவிழா எதிலும் இனிமேல் மது பரிமாற வேண்டாம். ஹண்டியா என்ற அரிசி மதுவும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். அடுத்து, ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் சிகிச்சை தேவைப்படுகிற ஒரு குடும்பத்தைத் தத்தெடுக்கட்டும். ஸ்ரீ விஜயபுரத்தில் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வண்டிச் செலவு, கூடப் போக ஓர் ஆள், அவன் திரும்பி வரும்வரை வீட்டுக்கு அரிசி: இவ்வளவுதான் தேவை. 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் ஆலோசனை கிடைக்கும். வழக்கு வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: சிறிய அளவோடு பிடிபட்டவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. மூன்றாவதாக, திருந்தி வருகிறவனுக்கு வேலை கொடுங்கள். படகு வைத்திருப்பவர்களே, கடை வைத்திருப்பவர்களே, அவனை ஒரு மாதம் சம்பளத்துக்கு வைத்துப் பாருங்கள்.

பெற்றோரே, பிள்ளை திடீரென்று தூங்காமல் இருந்தாலும், கதவைச் சாத்திக்கொண்டே கிடந்தாலும், வீட்டில் பணம் குறைந்தாலும், முதலில் கையை ஓங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். இளைஞர்களே, முதல் தடவை நீட்டுகிறவன் பெரும்பாலும் நண்பனாகத்தான் இருப்பான், இலவசமாகத்தான் நீட்டுவான். அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கெரசேனர் ஆண்டவரைப் போகச் சொன்னார்கள். அவரும் படகேறிப் போய்விட்டார். அவர் யாருடைய ஊரிலும் வலிய இருக்கிறவர் இல்லை. பாராடாங் அவரை இருக்கச் சொல்ல வேண்டும் என்றால், போதையால் வருகிற ஒரு ரூபாய்கூட நம் வீட்டுக்குள் நுழையக் கூடாது. போதையில் விழுந்த ஒரு மகன்கூட நம் வீட்டுக்கு வெளியே நிற்கக் கூடாது. இன்று வீட்டுக்குப் போகும் வழியில், நாம் பேச்சை நிறுத்திவிட்ட ஒருவர் வீட்டு வாசலில் நின்று, அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே. ஆமென்.